கழுதைக்காரரின் கல்

நாய் தனக்கு வரும், கழுதைக்காரர் கெனத்துக்குப் போவார். ஹில்டா மேஜைக்கடியில் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டாள். ஜன்னலோரம் இருக்கிற ஃபியோனாவில் ஆரம்பித்து தாளில் இருக்கிற பழைய கிரேக்கக் கல்லறை எழுத்துகளை ஆளுக்கொரு கல்லாக வாசித்துக்கொண்டு வந்தால், பக்கத்து நாற்காலி கெனத்துக்குக் கழுதைக்காரரின் கல்லறை, அதற்கடுத்து அவளுக்கு, எவனோ ஒரு பணக்காரன் தன் வேட்டை நாய்க்கு வைத்த கல். சரியாகத்தான் இருக்கிறது. இன்னொரு தடவை எண்ணினால் ஒன்றும் குறைந்துவிடாது என்று எண்ணினாள், அப்போதும் நாய்தான் வந்தது. இப்படி எண்ணுவதில் ஒரு கேவலமும் இல்லை. கிரேக்கமும் லத்தீனும் எம்.ஏ. படிக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், எண்ணாத ஆள் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக வாசித்து அர்த்தம் சொல்லவேண்டிய வகுப்பில், தன் முறைக்கு எது வரும் என்று கணக்குப் போட்டு அதை மட்டும் உருப்போட்டுக்கொண்டு, அடுத்தவர் வாசிக்கும்போது ரொம்பப் புரிந்தமாதிரித் தலையாட்டிக்கொண்டிருப்பதுதான் இந்தப் படிப்பில் முதலில் கற்றுக்கொள்கிற விஷயம். பேராசிரியை ஐலீனுக்கும் அது தெரியும், அவரும் ஒரு காலத்தில் எண்ணியவர்தானே. ஆனால் மற்றவர்கள் லேசான கல்லுக்காக எண்ணுவார்கள். ஹில்டா ஒரு கல்லிலிருந்து தப்பிக்க எண்ணினாள். அதற்காகவே வகுப்புக்கு முந்தி வந்து, வழக்கமான இடத்தை விட்டு, ஹீட்டர் பக்கம் கெனத்துக்கு அந்தப்புறம் போய் உட்கார்ந்துகொண்டாள். கழுதைக்காரரின் கல் அவருடைய மகள் வைத்தது. அந்த ஒரு வரி போதும் அவளுக்கு. வெளியே கிளாஸ்கோ மழை, பெய்கிறதா நிற்கிறதா என்று யாருக்கும் தெரியாத மழை, கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. மடியில் போன் கிடந்தது. போனுக்குள்ளே தம்பி ரீகன் காத்துக்கொண்டிருந்தான்.

காலையில் பல் தேய்க்கும்போது அவன் குரல் வந்திருந்தது, பின்னால் அம்மா பாத்திரம் உருட்டுகிற சத்தத்தோடு. "யக்கா, கல்லுக்காரரு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கேக்காரு. அதுக்கு மேல போனா கல்லறைத் திருநாளுக்குள்ள முடியாதுங்காரு. எல்லாக் கல்லறையிலயும் மெழுகுத்திரி கொளுத்தி மாலை போட்டிருப்பாவ, அப்பாவுக்கு மட்டும் வெறும் மண்ணாக் கிடந்தா அம்மா தாங்கமாட்டா. பேரும் தேதியும் குடுத்துட்டேன். அதுக்குக் கீழ என்ன எழுதணும்னு நீதாம் சொல்லணும். கல்லறை எழுத்தத்தான நீ படிக்க." அவன் குத்திக்காட்டவில்லை, பாவம், மெய்யாகவே நம்பித்தான் சொல்கிறான். அக்கா கல்லறைக் கல்லில் எம்.ஏ. படிக்கிறாள், அக்காவுக்கு ஒரு வரி எழுத வராதா. வரவில்லையே, ரீகன். மாதா கோயில் திருவிழாக் கொடி இறக்கின மறுவாரம் போனார் அப்பா. அன்றிலிருந்து எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். பாசமிகு தகப்பனார் என்று எழுதினாள், அப்பா யாரோ போலத் தெரிந்தார். அன்பின் சிகரம் என்று எழுதிப் பார்த்தாள், அப்பாவே எழுந்து சிரித்துவிடுவார் போலிருந்தது. கிரேக்கத்திலேயே ஒன்று எழுதினாள், தளை தட்டாமல், இலக்கணம் பிசகாமல், ஐலீனிடம் காட்டினால் மெச்சிக்கொள்வார். தூத்துக்குடிக் கல்லறைத் தோட்டத்தில் அதை வாசிக்கப்போவது யார், ஆடா. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கல்லை எழுதத் தனக்கு என்ன யோக்கியதை என்று ஒரு கேள்வி வந்து காலைப் பிடித்தது. கல்லை வைக்கிறவள் மண்ணாவது போட்டிருக்க வேண்டாமா. விசா புதுப்பிக்க அனுப்பின பாஸ்போர்ட் கையில் இல்லை, புறப்பட வழியில்லை. அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்து, இன்னும் ஒருநாள் பார்ப்போம், இன்னும் ஒருநாள் பார்ப்போம் என்றான் ரீகன். கடைசியில் அவள்தான் சொன்னாள், எடுத்துருங்க என்று. அந்த வார்த்தையைச் சொன்ன வாய் இதே வாய்தான். போனில் காட்டினான். பாதி நேரம் அவன் கட்டைவிரல் தெரிந்தது, மீதி நேரம் ஆகாயம். செபம் மட்டும் கேட்டது, அப்புறம் மண் விழுகிற சத்தம், அப்புறம் சார்ஜ் தீர்ந்துபோனது.

ஃபியோனா வாசிக்க ஆரம்பித்திருந்தாள், ஒரு மல்யுத்தக்காரனின் கல். அந்தக் காலத்துக் கல்லில் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது, எழுத்தெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் விளங்காது, வாய்விட்டுச் சொன்னால்தான் வார்த்தை வார்த்தையாகப் பிரியும். அதனால் வழியில் போகிறவர் யாராவது நின்று சத்தமாக வாசித்தால் மட்டுமே செத்தவர் பேசமுடியும். நான் இன்னார், நான் இப்படிப் பிழைத்தேன் என்று கல் சொல்லும், சொல்வது வாசிக்கிறவரின் வாய். ஐலீன் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார், "கல்லுக்கு வாய் இல்லை, உங்கள் வாயை இரவல் கேட்கிறது, தாராளமாகக் கொடுங்கள்." ஃபியோனா தாராளமாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள், பன்னிரண்டு வயதில் கிரேக்கம் ஆரம்பித்தவள், நான் மல்லன் நான் மல்லன் என்று அந்த ஒல்லி உடம்பை வைத்துக்கொண்டு. உடைந்த இடம் வந்தபோது மேஜையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அது ஐலீன் வகுப்புப் பழக்கம். கல் சிதைந்து எழுத்துப் போன இடத்தை ஒன்றுமே இல்லாததுபோல் தாண்டிப் போகக்கூடாது, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகவேண்டும், இங்கே ஏதோ இருந்தது என்று காதுக்காவது தெரியட்டும் என்பார். டொக். ஓடுகிற பஸ்ஸில் அப்பா கம்பியில் தட்டுவார், கையிலிருக்கிற காசால், டிக்கெட் டிக்கெட் என்று. தூத்துக்குடி திருச்செந்தூர் பஸ்ஸில் இஞ்ஞாசி கண்டக்டர் என்றால் பழையகாயல் தொட்டு ஆறுமுகனேரி வரை தெரியும். அவருக்கு மரியாதை வந்தது அவருடைய கெட்ட பழக்கத்தால்தான். ரெண்டு விசில் கொடுத்தால் வண்டி எடுக்கலாம், இல்லையா. அப்பா அந்த ரெண்டாவது விசிலை ஊதுவதற்குள் டிரைவருக்கு உயிர் போய்விடும். பின்படியில் தொங்கிக்கொண்டு ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். வாழைத்தோப்பு வரப்பில் யாராவது கூடையும் பிள்ளையுமாக ஓடி வருவார்கள், அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். டிரைவர் கத்துவார், "ஏம்வே இஞ்ஞாசி, உமக்குச் சொந்தக்காரியா?" அப்பா அதைக் காதில் வாங்காமல் கையை மெதுவாகக் கீழே அமர்த்திக் காட்டி அந்த அம்மாவிடம் சொல்வார், ஓடாதீங்க, மெதுவா வாங்க, வண்டி நிக்கும். பிறகு ஏறினவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்து, கூடையை உள்ளே தள்ளி, அதன் பிறகுதான் அந்த ரெண்டாவது விசில். காலேஜ் போகிற காலத்தில் ஹில்டாவுக்கு அது மகா அவமானமாக இருந்தது. ஒருநாள் அவளே பிந்திவிட்டாள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பு வார் அறுந்து, ஒரு காலைத் தேய்த்துத் தேய்த்து ஓடி வர, பஸ் முழுக்க எட்டிப் பார்த்துச் சிரிக்க, பின்படியில் அதே கை, அதே வார்த்தை, மகள் என்ற சலுகையெல்லாம் கிடையாது, எல்லாருக்கும் சொல்கிற அதே வார்த்தை. அன்றைக்கு அவள் வீட்டில் அவரோடு பேசவில்லை. இப்போது நினைத்தால் அந்தச் செருப்பைக்கூடக் கொஞ்சவேண்டும் போலிருக்கிறது.

அடுத்தவர் ஒரு செவிலித்தாயின் கல்லை வாசிக்கத் தொடங்க, ஹீட்டர் முழங்காலைச் சுட்டது. தாளில் இருந்த கல்லறைப் படங்கள் கண்முன்னே கொஞ்சம் அலைந்தன. இந்தக் கல்லுகளுக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்று யாராவது கேட்டால், வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கும், பெருவிரலால் வந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். கோயில் தரையில் பழைய கல்லறைப் பலகை ஒன்று பதித்திருந்தது. பிரசங்கம் நீண்டுபோகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் செருப்பில்லாத காலை நீட்டி அதில் வெட்டியிருக்கிற எழுத்துகளைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருப்பாள், குளுகுளுவென்று இருக்கும், மண் படிந்து ஒன்றிரண்டு எழுத்து தூர்ந்திருக்கும். அப்பா குனிந்து கிசுகிசுப்பார், என்ன எழுதியிருக்கு. தெரியலப்பா. சாமியாரைக் கேட்டதற்கு, லத்தீன், என்னமோ ஆத்துமா இளைப்பாற்றி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு அது ஆறவில்லை. இத்தனை பேரு மிதிச்சிட்டுப் போறோம், யாருன்னு தெரியாம மிதிக்கலாமா, நீ படிச்சுச் சொல்லு என்றார். ஒரு பேச்சுக்குச் சொன்னாரோ என்னவோ, அவள் மனசில் அது உட்கார்ந்துகொண்டது. ஆங்கிலம் படித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, கட்டிக்கொள் கட்டிக்கொள் என்று அம்மா தினம் பாடினதையெல்லாம் தாண்டி, ஊரார் பிள்ளைகள் ரெண்டு குழந்தை பெற்று நிமிர்ந்த வயதில் அவள் லத்தீன் படிக்கப் புறப்பட்டாள். கிரேக்கம் படிச்சா என்ன வேலை கிடைக்கும் என்று பெரியப்பா கேட்டார், தெரிந்திருந்தால் அவளே சொல்லியிருப்பாள். அப்பா பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே எல்லாரிடமும் பெருமை அடித்தார், எம் பொண்ணு செத்துப்போனவங்க பாஷை படிக்கா. முதல் வருஷ முடிவில் ரீகனைப் பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, வார்த்தை வார்த்தையாகப் பிரித்து, போனில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். யாரோ வெளிநாட்டு வியாபாரியின் மனைவி, பெயர் கத்தரீனா, காய்ச்சலில் போயிருக்கிறாள், சின்ன வயசு. அப்பா அந்தப் பெயரை ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, "பாவம், ஊருக்குப் போகணும்னு இருந்திருக்கும் அதுக்கு" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் அந்தப் பலகையைச் சுற்றிக்கொண்டு போனாராம், அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த அப்பாவிடம்தான் ஒருநாள் அழுதாள், இங்கே எல்லாரும் பன்னிரண்டு வயதிலேயே ஆரம்பித்துவிட்டார்கள், நான் எந்தக் காலத்தில் இவர்களை எட்டிப் பிடிப்பேன் என்று. அவங்க மொதல் ஸ்டாப்புல ஏறிட்டாங்க, அவ்வளவுதான, நீ மெதுவா வா என்றார். அழுகை நின்றுவிட்டது. இப்போது அழுகையே வரவில்லை. மண் விழுகிற சத்தம் கேட்ட அன்றைக்குக்கூட வரவில்லை, ஆட்டோமேட்டிக்காகப் போய்த் துணி துவைத்தாள். அதுதான் அவளுக்கு உள்ளூரப் பயம். கழுதைக்காரர் கல்லை முதலில் தாளில் பார்த்தபோது, அட, இவரும் போக்குவரத்துத் துறைதான் என்று சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அந்தக் கல்லை வாசித்தால் நான் செத்துப்போனேன் என்று அப்பா அவள் வாயால் சொல்லவேண்டி வரும். எடுத்துருங்க என்று சொன்ன வாயால். அதனால்தான் நாய். நாயை நன்றாகத் தயார் பண்ணியிருக்கிறாள், ஒவ்வொரு வினைச்சொல்லும் விரல் நுனியில் இருக்கிறது.

"கெனத்" என்று ஐலீன் அழைத்தார். கெனத் ரிட்டயரான பல் டாக்டர், நாற்பது வருஷம் அடுத்தவர் வாய்க்குள் பார்த்தது போதும் என்று கிரேக்கம் படிக்க வந்தவர். நல்ல மனுஷன், தினம் ஒரு பிஸ்கட் பொட்டலம் கொண்டுவந்து சுற்றுக்கு விடுவார். இன்றைக்குப் பிஸ்கட் வரவில்லை என்பதை ஹில்டா அப்போதுதான் யோசித்தாள். கெனத் வாயைத் திறந்தார், ஏதோ கொழகொழவென்று வந்தது, நிறுத்திவிட்டுத் தன் வீங்கின கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பல் பிடுங்கியிருக்கிறது. காலையில்தான், மரமரப்பு ஊசி இன்னும் இறங்கவில்லை, உதடு தன் பேச்சைக் கேட்கவில்லை என்று சைகையிலேயே விளக்கினார். அத்தனை பேரும் சிரித்தார்கள், பல் டாக்டருக்கே பல் பிடுங்கல், ஐலீன்கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அப்படியானால் ஹில்டா, நீங்கள் வாசியுங்கள்" என்றார். ஹில்டா சிரிப்பின் நடுவே அப்படியே இருந்தாள். எல்லாவற்றையும் எண்ணினாள், ஒரு பல்லை எண்ணவில்லையே. நாய்தான் எனக்கு என்று சொல்லிவிடலாமா. சொன்னால் எண்ணினது வெளியே தெரிந்துவிடும், தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், தலைவலி என்று எழுந்து போய்விடலாம், கதவு கெனத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது, மழையில் நடந்து ரூமுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டு, ரீகனுக்கு எதையாவது அனுப்பிவிடலாம், பாசமிகு தகப்பனார் என்றே போகட்டும், ஊரில் எல்லா அப்பாக்களும் பாசமிகு தகப்பனார்தானே. கை தாளை நேராக்கிக்கொண்டது. படத்தில் கல் கீழே ஒரு மூலையில் உடைந்திருந்தது. நெருக்கியடித்த எழுத்து ஒன்றுமே பிரியவில்லை, தயார் பண்ணாத கல் அப்படித்தான் இருக்கும். வாயைத் திறந்தாள். முதல் வார்த்தை வந்தது, அது வந்ததும் அடுத்தது தானாகக் கழன்று வந்தது, பஸ்ஸில் ஒருவர் நகர்ந்தால் அடுத்தவருக்கு இடம் கிடைக்கிறமாதிரி. வழியில் போகிறவரே, நில்லும். நான் ஊருக்கும் துறைக்கும் நடுவே கழுதை ஓட்டினவன். சுமையைக் கீழே போட்டதில்லை, கழுதையை அடித்ததில்லை. தன் குரலா இது, இவ்வளவு தாழ்ந்து, இவ்வளவு நிதானமாக. மகள் எனக்கு இந்தக் கல்லை வைத்தாள். நின்றதற்கு நன்றி, என் பெயரைச் சொல்லிவிட்டுப் போம். அதற்கடுத்து "நான்" என்ற சொல், பிறகு பெயர், அந்தப் பெயர் இருந்த இடம்தான் உடைந்துபோன மூலை. பெயரைச் சொல் என்று கேட்கிற கல்லில் பெயரைக் காணோம். இங்கே ஒரு தட்டுத் தட்டவேண்டும். விரல் மேஜைக்கு மேலே வந்தது. வந்த விரல் அங்கேயே நின்றது. நான், என்று இன்னொரு தடவை வாசித்தாள். "இஞ்ஞாசி" என்றாள்.

ஐலீன் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், ஆதாரமில்லாமல் ஓர் எழுத்தைக்கூட நிரப்பவிடாத மனுஷி. ஒரு தடவை ஃபியோனா ஊகத்தில் ஒரு வார்த்தை சேர்த்ததற்கு அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "அது கல்லில் இல்லையே" என்றார். "இல்லை" என்றாள் ஹில்டா. "யாருடைய பெயர்?" "எங்கப்பா." ஆகஸ்டில் போனார் என்றும் சொன்னாள். ஐலீன் பென்சிலை எடுத்துத் தன் தாளில் குனிந்து, "உடைந்த இடத்தில் நாம் சேர்க்கிறதைச் சதுர அடைப்புக்குள் போடுவது நம் முறை. எழுத்து எப்படி என்று சொல்லுங்கள்" என்றார். ஹில்டா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். ஃபியோனாவும் எழுதிக்கொண்டாள். கெனத் வாய் கோணினபடியே, பல் பிடுங்குகிற சிரத்தையோடு, பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன், அப்பா, திருச்செந்தூரைத் தாண்டி எங்கேயும் போகாத உங்களைக் கிளாஸ்கோவில் பென்சிலால் எழுதிக்கொண்டார்கள். அப்போதுதான் அவளுக்குப் பின்படி தெரிந்தது. ரோட்டைத் திரும்பிப் பார்க்கிற அந்த முகம், கீழே அமர்த்திக் காட்டுகிற அந்தக் கை. வழியில் போகிறவருக்கு ஒரு வார்த்தை சொல்லத்தானே கல். அவர் ஆயுசு முழுக்க அதைத்தானே சொன்னார், ஓடுகிற எல்லாருக்கும். இத்தனை நாள் அவரைப்பற்றி என்ன எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள், அவரைப் பேசவிட்டிருந்தால் போதுமே. மேஜைக்கடியில் போனை எடுத்து, கண்ணால் பார்க்காமலே ரீகனுக்கு அடித்தாள். பெயருக்குக் கீழே இது மட்டும் போதும், வேறு எதுவும் வேண்டாம்: ஓடாதீங்க. மெதுவா வாங்க. வண்டி நிக்கும்.

ஐலீன் நாயின் கல்லை ஃபியோனாவுக்குத் திருப்பிவிட்டிருந்தார், ஹில்டா அதை வேண்டும் என்று கேட்கவுமில்லை. வேட்டை நாயே, காட்டில் உன்னைப்போல் யார் என்று ஃபியோனா தொடங்கியபோது மடியில் போன் அதிர்ந்தது. ரீகன். பைபிள் வசனம் வேண்டாமா என்று கேட்டிருந்தான், அதைக் கேட்டுவிட்டு அடுத்த வரியிலேயே வேண்டாம் இதுவே போதும் என்றும் அவனே எழுதியிருந்தான். கொஞ்சம் விட்டு இன்னொன்று வந்தது. "யக்கா, அம்மாட்ட வாசிச்சுக் காட்டினேன். சுவத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிட்டா. பொறவு, கல்லறைத் திருநாளுக்கு ஹில்டா வரமாட்டாளா, எப்பத்தான் வருவான்னு கேட்டா. மெதுவா வரட்டும்மா, அதான் அப்பாவே சொல்லிட்டாருல்லான்னேன்." அவள் அதை மறுபடி வாசித்தாள், மறுபடியும் வாசித்தாள். எழுத்து முதலில் கலங்கியது, பிறகு தாள் கலங்கியது, பிறகு மேஜையே கலங்கிப்போனது. கெனத் தன் கன்னத்துக்கு வைத்திருந்த கைக்குட்டையைப் பார்த்தார், அது ஆகாது என்று தலையை ஆட்டிக்கொண்டு, கோட்டுப் பையிலிருந்து சுத்தமான ஒன்றைத் தேடி எடுத்து அவள் பக்கம் தள்ளினார். ஃபியோனா அந்த நாயைப்பற்றி வாசித்துக்கொண்டே போனாள், வாசல் காத்தது, எஜமான் வரும்வரை தின்னாமல் கிடந்தது, இங்கே தூங்குகிறது. ஹில்டா கைக்குட்டையில் முகத்தைப் புதைத்து, நாய்க்கும் சேர்த்து அழுதாள்.